கஞ்சிக்கடையில் சொன்ன சொல்

ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள். சரி. பதினேழு நாளாக அடித்து அடித்து அலுத்துப்போய்க் கடிதத்துக்கு வந்திருக்கிறேன். இதில் ஒரு வசதி, நான் கத்தினாலும் உங்களுக்குக் கேட்காது.

அன்று நான் பேசியது அதிகப்படிதான், ஒப்புக்கொள்கிறேன். பத்தொன்பது வருஷமாக ரயில்வே ஸ்டேஷனில் மைக் முன்னால் உட்கார்ந்து அறிவிப்புச் சொல்லிச் சொல்லி, எனக்கு மெதுவாகப் பேசவே மறந்துவிட்டது. நான் உப்பு கேட்டால்கூட வண்டி பிளாட்பாரம் மாறுகிற மாதிரி இருக்கிறதென்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆனால் அண்ணி, சொன்ன விதம் தப்பு, சொன்ன விஷயம் தப்பில்லை. இன்றுவரை எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

என் இடத்தில் இருந்து பாருங்கள். ஒரு வருஷம் கழித்து, நாலு நாள் லீவு சேர்ந்து கிடைத்ததென்று அப்பாவைப் பார்க்க ஓடி வருகிறேன். மனுஷர் பாதியாக நிற்கிறார். நாலு நாளில் ஒரு வேளைகூட எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. "எனக்குப் பசியில்ல பாப்பா, நீங்க ஆரம்பிங்க" என்று எழுந்துபோய், தட்டை அறைக்குள் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறார். பவர் ஹவுஸில் ஃபோர்மேனாக இருந்தவர். ஷிப்ட்டில் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கும்வரை முப்பது பேர் கை வைக்காமல் காத்திருப்பார்களாம். அவர் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார் என்றால் பெற்ற பெண் என்ன நினைப்பாள்?

கடைசி நாள் ஏரிப் பூங்காவுக்குப் போனோம். படகில் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கரை ஏறியதும், "ஒரு நல்ல கடை இருக்கு, என் பின்னாடி வாங்க" என்று அப்பா முன்னால் நடந்தார். போய்ப் பார்த்தால் சீனக் கஞ்சிக்கடை! லீவு நாளில், குடும்பத்தோடு கிளம்பி வந்து, கடையில் கஞ்சி. நான்தான் சிரித்தேன். நீங்களும் அண்ணனும் சிரிக்கவில்லை.

சுவரில் படம் போட்டு நம்பர் எழுதியிருந்தது. அப்பா ஒவ்வொருவருக்கும் யோசித்து யோசித்து நம்பர் சொன்னார். எனக்குக் கோழி போட்ட பதினாலு. அவர் தனக்கு எதுவும் சொல்வதற்கு முன்பே கல்லாவில் இருந்த சீன அம்மா ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். எங்கள் கிண்ணங்களில் இஞ்சி, வெங்காயத்தாள், எண்ணெயில் பொரித்த நீளமான மாவுக்குச்சி என்று என்னென்னவோ. அப்பாவுடையதில் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளைக் கஞ்சி. "கேக்காமயே எப்படி?" என்றேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "பாஸ் டெய்லி. மத்தியானம். எட்டு மாசம்" என்றார்.

அதற்கப்புறம் என் வாயில் வந்ததை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், குறைத்து எழுதினேன் என்று நீங்கள் சொல்லக் கூடாது. "பெத்து வளத்தவருக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்த இந்த வீட்ல நாதியில்லயா? கண்டவன் கடையில வந்து குடிச்சிட்டுப் போறாரே, உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?" என்றேன். கடையே திரும்பிப் பார்த்தது. அண்ணன் சுவரில் இருந்த நம்பர்களைப் படித்தார். நீங்கள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினீர்கள். அப்பா கரண்டியை வைத்துவிட்டு, "மழை விட்டுருச்சு, கிளம்பலாம்" என்றார். மழை விடவே இல்லை.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், நான் காலில் விழக்கூடத் தயார். வீட்டில் அடுப்பு எரியும்போது அவர் ஏன் தினமும் கடைக்குப் போனார்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
பாப்பா


ஜூன் 15

நாத்தனார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மாமா நலம். உங்கள் அண்ணனும் நலம். பள்ளிக்கூட யூனிஃபார்ம் சீசன் என்பதால் எங்கள் கம்பெனியில் கட்டிங் பிரிவுக்கு ஞாயிறும் வேலை. போன் எடுக்காததற்கு அதையே காரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்வதற்கில்லை. மாமாவிடமே கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் தெரிவிக்கிறேன். நீங்கள் பேசிய நாளிலிருந்து மாமா அந்தக் கடைக்குப் போவதில்லை. அந்தத் தெருவிலேயே கால் வைப்பதில்லை. பால் வாங்கக்கூட இரண்டு தெரு சுற்றிப் போகிறார். உங்களுக்குத் திருப்தியாக இருக்கும்.

இருபத்திரண்டு வருஷம் உங்களைப் பாப்பா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இப்போது பேனா அந்தப் பக்கம் போகவில்லை. மன்னிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மனைவி


ஜூன் 24

அண்ணி,

"உங்கள் அண்ணன் மனைவி"யா? நல்லாயிருக்கிறது. அடுத்த கடிதத்தில் ரேஷன் கார்டு நம்பரும் போட்டுவிடுங்கள்.

மாமாவிடமே கேள் என்றீர்கள், கேட்டேன். அப்பா சிரித்தார். "அது சும்மா பொழுதுபோக்குக்குப் போனது பாப்பா. இப்போ வீட்லதான் வயிறாரச் சாப்பிடறேன்" என்றார். பார்த்தீர்களா? நான் நாலு பேர் முன்னால் கெட்ட பெயர் வாங்கினாலும் அவர் வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார். கசக்கிற மருந்துதான் வேலை செய்யும்.

அவருக்குப் பிடிக்குமே என்று மசாலா போட்டு வறுத்த வேர்க்கடலை இரண்டு கிலோ பார்சல் அனுப்பியிருக்கிறேன். சின்ன வயதில் அவர் சட்டைப்பையில் கைவிட்டால் எனக்கு அதுதான் கிடைக்கும். தினமும் ராத்திரி போன் செய்து, "கடல சாப்டீங்களாப்பா?" என்று கேட்கிறேன். "ஆமா, மொறுமொறுன்னு இருக்கு" என்கிறார். எனக்கு அது போதும்.

நீங்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை. என்றைக்காவது ஒரு நாள் நான் சொன்னது சரி என்று நீங்களே சொல்வீர்கள்.

பாப்பா


ஜூலை 8

பாப்பா,

உட்கார்ந்துகொண்டு படி.

மாமா போன வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், பயப்படாதே. அந்த இரண்டு ராத்திரியும் மாமா தூங்கிவிட்டார் என்று உன் அண்ணன் போனில் சொன்னது அதை மறைக்கத்தான். நீ அனுப்பிய கடலைதான். முதல் நாலைந்து நாள் தொடவே இல்லை. நீ போனில் கேட்கும்போது சும்மா சாப்பிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு நாள் என்ன தோன்றியதோ, "பாப்பாகிட்ட தினம் பொய் சொல்ல முடியல" என்று ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். ஒரு துண்டு மூச்சுக்குழாயில் போய்விட்டது. முகம் நீலம் பூத்துவிட்டது. உன் அண்ணன் அவரைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடிய ஓட்டத்தை என்னால் மறக்க முடியாது.

உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அதை இப்போது உடைக்கிறேன். இன்னொரு பார்சல் வருவதற்குள் உடைத்துவிட வேண்டும்.

போன வருஷம் அவருக்கு லேசாக வாய் கோணி இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்று சொன்னோமே, அது முழுதாகச் சரியாகவில்லை. தொண்டைத் தசை ஒரு பக்கம் வேலை செய்வதில்லை. சோறு அடைக்கிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. சாப்பிடும்போது இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்து, சில நாள் தட்டிலேயே கக்கிவிடுவார். அதனால்தான் கதவைச் சாத்திக்கொண்டது. கெட்டியாகவும் இல்லாமல் தண்ணியாகவும் இல்லாமல், வழுவழுவென்று குழைத்துக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அப்படியானால் கஞ்சிதானே? நானும் வைத்தேன். "ஒரு வாய் கஞ்சி ஊத்த நாதியில்லயா" என்று கேட்டாயே. நாதி இருந்தது பாப்பா. ஊற்றினேன். கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "நான் என்ன சாகக் கெடக்கறேனா?" என்றார். வீட்டில் கஞ்சி வைத்தால் நம் ஆட்களுக்கு அது நோயாளி சாப்பாடு. மூன்று நாள், புரையேறினாலும் பச்சைத் தண்ணீரைத் தவிர அவர் ஒன்றும் குடிக்கவில்லை.

கம்பெனியிலிருந்து வரும் வழியில்தான் அந்தக் கடையைப் பார்த்தேன். கழுத்தில் டை கட்டினவர்கள் வரிசையில் நின்று கஞ்சி வாங்கிச் சாப்பிட்டார்கள். அன்று சாயங்காலம் மாமாவிடம், "ஏதோ சீனக் கடையாம், எல்லாரும் போறாங்க. எனக்குத் தனியாப் போகக் கூச்சமா இருக்கு, தொணைக்கு வரீங்களா மாமா?" என்றேன். வந்தார். பக்கத்து மேஜையில் ஒரு பேங்க் மேனேஜர் மாதிரி ஆள் அதே கஞ்சியை ரசித்து ரசித்துக் குடித்தார். மாமா அவரைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், குடித்தார். ஒரு தடவைகூட இருமவில்லை. இரண்டாவது கிண்ணம் கேட்டார். "பரவால்லயே, இவனுங்க ஏதோ வித்தை வெச்சிருக்கானுங்க" என்றார். மறுநாளிலிருந்து தனியாகவே கிளம்பிவிட்டார், தானே கண்டுபிடித்த கடை மாதிரி. இஞ்சி வேண்டாம், வெங்காயத்தாள் வேண்டாம், இன்னும் கொஞ்சம் குழையவிடுங்கள் என்று அந்த அம்மாவிடம் நான் முன்னாலேயே போய்ச் சொல்லி வைத்திருந்தேன். அது அவருக்குத் தெரியாது. தனக்குத் தனி மரியாதை என்று நினைத்தார்.

அளவு எடுப்பது என் தொழில். மாமாவின் கழுத்துச் சுற்று பதினாறிலிருந்து பதினாலரைக்கு வந்தது கண்ணிலேயே தெரிந்தது. அவர் நடக்கப் போகும் நேரத்தில் ஒவ்வொரு சட்டையாகப் பிரித்துத் தைத்து வைத்தேன், இளைத்துவிட்டோம் என்று அவர் பார்த்துப் பயப்படக் கூடாதென்று. எட்டு மாதத்தில் காலர் மறுபடி பிடிக்க ஆரம்பித்தது. ஒரு சட்டையைத் திரும்ப விரித்துத் தைத்தேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது?

நீ வந்த நாலு நாளும் குடையை எடுத்துக்கொண்டு "நடந்துட்டு வரேன்" என்று கிளம்பினாரே, அங்கேதான். கடைசி நாள் எல்லோரையும் அங்கே கூட்டிப்போனது மழைக்காக இல்லை. இரண்டு நாளாகத் திட்டம். சமையலறையில் வந்து என்னிடம், "எல்லாரும் அதையே சாப்பிட்டா, பாப்பா கூட உக்காந்து நானும் சாப்பிடலாம்ல?" என்றார்.

அதை நீ கஞ்சி ஊத்தறது என்று சொல்லிவிட்டாய். அந்த நிமிஷத்திலிருந்து அவருக்கு அதுவும் வீட்டுக் கஞ்சி ஆகிவிட்டது.

உன் கடலையை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன். உனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணி


ஜூலை 11

அண்ணி,

நேற்று வேலையில் என்னால் பேச முடியவில்லை. பதினொன்று நாற்பது வண்டிக்கு மைக்கை ஆன் செய்தேன், குரல் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் பிடுங்கிச் சொன்னார். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று எல்லோருக்கும் சொல்வேன். எனக்குச் சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை.

மன்னிப்பு என்று எழுதினால் கை கூசுகிறது. அது ரொம்பச் சின்னச் சொல்லாக இருக்கிறது. என் அப்பா என்னோடு உட்கார்ந்து சாப்பிட ஆசைப்பட்டார். நான் அவர் கிண்ணத்தில் மண்ணள்ளிப் போட்டேன். கடலையை வேறு வறுத்து அனுப்பினேன், பாவி.

வருகிற சனிக்கிழமை வருகிறேன். நான்தான் கெடுத்தேன், நானே சரி செய்கிறேன். எனக்குப் பசிக்கிறது, அந்தக் கடைக்குக் கூட்டிப் போங்கள் என்று அப்பாவிடம் கேட்பேன். நான் ஆசையாகக் கேட்டால் அவர் மறுத்ததே இல்லை.

பாப்பா


ஜூலை 20

அண்ணி,

உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் கடையிலிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். அப்பா ஏதாவது சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார்.

நான் கேட்டதும் வந்தார். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டார். நீங்கள் பிடித்துத் தைத்த சட்டைதான் என்று தோளைப் பார்த்ததும் தெரிந்தது, வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். கடையில் அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பாஸ்! பாஸ்!" என்று ஓடிவந்து, வழக்கம்போல வெள்ளைக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அப்பா அதை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். "இது என் பொண்ணுக்கு. எனக்கு முப்பத்தொண்ணு" என்றார்.

முப்பத்தொன்று எண்ணெயில் வறுத்த நூடுல்ஸ். மாட்டுக்கறித் துண்டும் காய்ந்த மிளகாயும் போட்டது.

நான் என்ன சொல்ல முடியும்? தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. "அப்பா, ரெண்டு பேரும் இதையே சாப்பிடலாமே, நல்லா மணக்குது" என்றேன். "உனக்கு ஒடம்புக்கு நல்லது, நீ குடி. எனக்குக் கடிச்சுச் சாப்பிட்டாதான் சாப்பிட்ட மாதிரி இருக்கும்" என்றார். கரண்டியால் நூடுல்ஸைத் துண்டு துண்டாக நறுக்கினார். தட்டு முழுக்க இங்கேயும் அங்கேயும் தள்ளினார். நான் பார்க்கிற நேரம் பார்த்து ஒரு வாய் வைத்துக்கொள்வார். மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். விழுங்கும்போது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. "காரம் கொஞ்சம் தூக்கல்" என்று சிரித்தார். அவர் எடுத்த பக்கம் மிளகாயே இல்லை அண்ணி.

நான் அந்தக் கஞ்சியைக் குடித்தேன். அன்று ஒரு வாய்கூட வைக்காமல்தானே எழுந்து வந்தேன். அரிசியே தெரியவில்லை. அப்படிக் கரைந்து, கோழிச்சாறு ஏறி, தொண்டையில் தானாக இறங்கியது. உப்பு அளவாக இருந்தது. இவ்வளவு நல்ல சாப்பாட்டையா அவரிடமிருந்து பிடுங்கினேன் என்று நினைத்ததும் குடிக்க முடியவில்லை. அவர் முன்னால் வைக்க வேண்டிய கிண்ணம் என் முன்னால் இருக்கிறது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே அந்த நூடுல்ஸோடு போராடுகிறார்.

நாலாவது வாயில் இரும ஆரம்பித்தார். நான் கரண்டியைப் போட்டுவிட்டு, "அப்பா, எனக்கு வயித்த என்னமோ பண்ணுது. எந்திரிங்க, போலாம்" என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். "ஐயோ, முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று என்னைத் திட்டிக்கொண்டே எழுந்தார். ஸ்டேஷன் போகும் வழியெல்லாம் எனக்குச் சோடா வாங்கித் தரட்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

சரி செய்கிறேன் என்று வீராப்பாக வந்தேன். அவரை இன்னொரு தடவை மூச்சுத்திணற வைத்துவிட்டுப் போகிறேன். அவர் யார் முன்னால் வேண்டுமானாலும் அதைக் குடிப்பார், என் முன்னால் குடிக்க மாட்டார். கொட்டினதை எப்படி அள்ளுவது அண்ணி? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

பாப்பா


ஆகஸ்ட் 2

பாப்பா,

நல்ல சேதி ஒன்றும், உனக்கு வலிக்கிற சேதி ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுதான்.

நீ போன நாலாவது நாள் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாமா வாசலில் வந்து நின்று, "அந்தக் கடை தொறந்திருக்குமா?" என்றார். போனோம். சுவரைப் பார்த்த நாற்காலியில் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார். முழுதும் குடித்தார். ஒரு இருமல்கூட இல்லை. அதிலிருந்து தினமும் போகிறார்.

முதல் நாள் திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: "பாப்பாவுக்குத் தெரிய வேணாம். அவ வர்றப்போ நான் போக மாட்டேன். அவ மனசுல நான் பழைய ஆளாவே இருந்துட்டுப் போறேன்." மறுபடி சத்தியம் கேட்டார், நானும் செய்தேன். செய்துவிட்டு உனக்கு எழுதுகிறேன். உன்னிடம் மறைத்து மறைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தது. மாமாவுக்குச் செய்த துரோகமாகவே இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு என்னால் துணி வெட்ட முடியவில்லை. அன்று கடையில் நீ அப்படிக் கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது சத்தியத்துக்காக மட்டும் இல்லை. உன்னைத் தனியாக வெளியே கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஜூன் கடிதத்திலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேசட்டும், நன்றாகப் பேசட்டும், உண்மை தெரிகிற அன்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. இருபத்திரண்டு வருஷம் இந்த வீட்டில் சோறு போட்டவளுக்கு அந்த ஆசை வரக் கூடாதா என்று நினைத்தேன். நான் அப்படி ரோஷத்தோடு இருந்த நாட்களில்தான் உன் பார்சல் வந்தது. மாமா படியில் தூக்கிக்கொண்டு போகப்பட்டபோது, இதில் பாதி என்னுடையது என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த லீவுக்கு வரலாமா என்று உன் அண்ணனிடம் கேட்டாயாம். இது என்ன கேள்வி, உன் வீடு. வா. ஆனால் நீ தங்கினால் அவர் சாப்பிட மாட்டார். எழுதக் கை வரவில்லை, ஆனால் அதுதான் நிலைமை.

அண்ணி


ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணிக்கு,

பாதி உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், அதையும் என்னிடமே கொடுத்துவிடுங்கள். நீங்கள் அவருக்கு எட்டு மாதம் சோறு ஊட்டியிருக்கிறீர்கள், யாருக்கும் தெரியாமல், அவருக்கே தெரியாமல்.

இப்போதெல்லாம் மதியம் இரண்டு மணிக்கு அப்பாவுக்குப் போன் செய்கிறேன். "சாப்டீங்களாப்பா?" என்று கேட்கிறேன். "ஓ, பலமா! கறி வறுவல், அப்பளம், ரசம். இப்பதான் கை கழுவிட்டு வரேன்" என்கிறார். நேற்று மீன் பொரியல். "இந்த வயசுல அவ்வளவு எண்ணெய் ஆகாது, கொறைச்சுக்குங்க" என்று அதட்டுகிறேன். "போடி, எங்கிட்டயே அதிகாரமா" என்று சிரிக்கிறார். நல்ல தெம்பான குரல். பின்னால் கிண்ணங்கள் மோதுகிற சத்தமும் அந்த அம்மா யாருக்கோ நம்பர் கூப்பிடுகிற சத்தமும் கேட்கின்றன. டி.வி. சத்தமா என்று நானே கேட்டுவிட்டேன். "ஆமா, டி.வி.தான்" என்றார்.

லீவுக்கு வருகிறேன் அண்ணி. தங்க மாட்டேன். இங்கிருந்து காலையில் ஒரு வண்டி இருக்கிறது, அதில் வந்தால் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும், அது வேண்டாம். பதினொன்று நாற்பதில் ஏறினால் உங்கள் ஊருக்கு நாலரை. திரும்புவதற்கு ஏழு மணிக்கு ஒன்று இருக்கிறது. ஸ்டேஷனில் வேலை செய்கிறவளுக்கு டைம்டேபிள் பார்க்க என்ன கஷ்டம்? இரண்டு மணி நேரமாவது அப்பாவோடு உட்கார்ந்திருப்பேன். நடுவில் சாப்பாட்டு வேளை எதுவும் வராது.

டீ மட்டும் எனக்கு வைக்காதீர்கள். எனக்கு வைத்தால் அவருக்கும் வைக்க வேண்டியிருக்கும்.

பாப்பா